அசையாத வில்

படிகங்களை ஒளி பாய்ச்சி ஆராயும் ஷாங்காய் ஒளிக்கூடத்தின் திரையில், வில் போன்ற கோடு ஒன்று தெளிவாக வளைந்து நின்றது. ரூவான் பெய்வென் மூன்று வருடமாகத் தேடியது அதைத்தான். அவள் வளர்த்த படிகத்தின் உள்ளே எலக்ட்ரான்களின் பாதைகள் மூடிய வளையங்கள். மேல்தோலில் மட்டும், மூடாமல் பாதியில் நிற்கும் ஒரு வில் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் அவளுக்கு முனைவர் பட்டம்.

படத்தைப் பேராசிரியருக்கு அனுப்பினாள். மாணவர்கள் அவரை முதலாளி என்றுதான் சொல்வார்கள். பதில் உடனே வந்தது: "பிரமாதம். இது போதும். எழுத ஆரம்பி."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கும் வளையத்தின் ஒரு பக்கம் மங்கிப்போனாலும் வில் போலத்தான் தெரியும்.

"என்ன டாக்டரம்மா, பால் டீ எப்ப வாங்கித் தரப்போற?" என்றார் கருவியைப் பார்த்துக்கொள்ளும் குவோரோங்.

"அண்ணே, பொட்டாசியம் தூவிப் பாக்கலாமா?"

அவர் சிரிப்பு அடங்கியது. பொட்டாசிய ஆவி படிந்தால் மேல்தோலின் கோடு இடம் மாறும்; உள்ளே இருப்பது அசையாது. ஆனால் அதோடு அந்த மேல்தோல் கெட்டது.

"மேல்தோல் சுத்தமாத் தெரியுற மாதிரி ஒழுங்காப் பிளந்தது இந்த ஒரு படிகம்தான். கெடுத்துட்டா திரும்ப வராது."

"தெரியும்."

"கல்யாணப் பத்திரிகை அடிச்சப்புறம் பொருத்தம் பாக்குற ஆளு நீ."

"பொருத்தம் இல்லேன்னா இப்பவே தெரியட்டும்ணே."

அவர் கருவிப் பக்கம் திரும்பினார். பொட்டாசியத்தைச் சூடாக்கினார். இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். காற்றை உறிஞ்சும் எந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

வில் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் தூவினார். அப்போதும் கல்லில் செதுக்கியதுபோல் அங்கேயே நின்றது. பெய்வென் கண்களை மூடிக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்காமல் தன் குடுவையிலிருந்து வெந்நீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

"அந்த ஓரத்துல பாரு," என்றார் கடைசியில்.

வில்லுக்குப் பக்கத்தில், அழுக்கென்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு மங்கல் கோடு. அது மட்டும் பழைய இடத்திலிருந்து கீழே இறங்கியிருந்தது.

"இது வில்லா வளையமான்னு தெரியலியே அண்ணே."

"தெரியாதுதான். சாயங்காலம் வரைக்கும் கருவி உன்னோடது."

அவள் முதலாளிக்கு எழுதினாள்: "அனுப்பிய படம் தவறு. அந்த வில் மேல்தோலுடையது இல்லை." ஒருமுறை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கெட்டுப்போன அந்த மேல்தோலிலேயே மங்கல் கோட்டைப் பின்தொடர ஆரம்பித்தாள்.