பக்கத்து நாற்காலி விதி

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பேசாத ஆள் நான். இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் கண்டுபிடித்துத் திட்டாதீர்கள்.

முதல் வரியை எழுதி எழுதிப் பார்த்தேன். ‘அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம்...’ வேண்டாம், ஜனவரியில் கொட்டாமல் என்ன செய்யும்? ‘பகடை உருண்டு...’ சே!

நேராகவே சொல்கிறேன். லவெர்ன் வீட்டு நிலவறையில் நாங்கள் நாலு பேர் பத்தொன்பது வருஷமாக ஞாயிறுதோறும் ‘ஏழு கோபுரம்’ விளையாடுகிறோம். காகிதம், பென்சில், பகடை. ஆளுக்கொரு வீரன், கதையை நடத்துகிறவள் லவெர்ன். இப்போது அந்த ஆட்டத்துக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது. லவெர்னும் கர்ட்டும் புதுசுக்கு. நார்பர்ட் பழசுக்கு. என் ஓட்டு பாக்கி.

2

நார்பர்ட்: ஸ்கூல் பஸ் மெக்கானிக், வயது அறுபத்து மூன்று, பிடிவாதக்காரர் (இந்த வார்த்தையை அடித்துவிடலாமா? இருக்கட்டும்). மனைவி ஜூடித் இறந்தபிறகு வேலையை விட்டால் அவர் போகிற ஒரே இடம் இந்த மேசை. புதுசு என்றால் வரமாட்டேன் என்றுவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

“பக்கத்து நாற்காலி விதியையே தூக்கிட்டானுங்க! அது இல்லாம என்ன ஆட்டம் வேண்டிக்கெடக்கு?”

ஒருவருடைய வீரன் சாகப்போனால், பக்கத்து நாற்காலிக்காரர் தன் வீரனின் உயிரில் பாதியைக் கொடுத்துக் காப்பாற்றலாம். அதுதான் விதி.

“புதுசுல வேற நல்லது எவ்வளவோ இருக்கு, பெருசு,” என்றான் கர்ட்.

“நீ சீஸைத் தின்னு.”

கதை நடத்துகிறவரின் விதிப் புத்தகத்தை மற்றவர்கள் தொடக்கூடாது என்பது எங்கள் மேசை வழக்கம். அன்று நார்பர்ட் கை நீட்டிப் பழைய புத்தகத்தை இழுத்தார். “பக்கத்தைக் காட்டறேன், இரு.”

(அந்தப் புத்தகம் என்னிடமும் ஒன்று உண்டு. முழுக்கப் படித்திருக்கிறேன்.)

3

புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

“எந்தப் பக்கம், லவெர்ன்?”

“எந்தப் பக்கத்துலயும் இல்ல.”

“இல்லன்னா?”

“மொத நாளு வந்தியே, ஞாபகமிருக்கா? ஜூடித்தைப் புதைச்சு மூணு வாரம்கூட ஆகல. ஒரு மணி நேரத்துல உன் வீரன் செத்துட்டான். நீ கெளம்பறதுக்குக் குளிர்கோட்டை எடுத்துட்ட. அப்படியே போனா திரும்ப வரமாட்டேன்னு தோணுச்சு. புத்தகத்தைப் பாத்துப் படிக்கிற மாதிரி அந்த விதிய நானாப் படிச்சேன்.”

4

முடிவு ஒன்று: நார்பர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறி... (எழுத மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: பென்சிலை எடுத்துப் புதுப் புத்தகத்தின் ஓரத்தில் அந்த விதியை எழுதுகிறார், எல்லோரும்... (ரொம்பத் தித்திப்பு. அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்குப் பாதி உயிரக் குடுத்தது நீதான?”

“ஆமா.”

“இப்படி ஒரு விதியே இல்லன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றால், இத்தனை வருஷமும் இந்த மேசையே சேர்ந்து அவர்மேல் பரிதாபப்பட்டது என்றாகும். தெரியாது என்றால், லவெர்ன் மட்டும் பொய்க்காரி. அவருடைய கோட் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது.

நான் எழுந்துகொள்கிறேன். அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையதுதான், வாசகரே, வந்து உட்காருங்கள். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.