எக்காரணம் கொண்டும்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு, பனிச்சறுக்குத் தளத்தின் அரைக்கதவுக்கு வெளியே நின்றிருந்த பிரேக் மாஸ்டர் "நிறுத்து!" என்று ஒரு சத்தம் போட்டார். பயிற்சியில் இருந்த பதினோரு பிள்ளைகளும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டாவது பிள்ளை அவருடைய மகள். பின்பக்கமாகச் சறுக்கி வந்து, ஒரு காலை ஊன்றி எம்பப் போகிற நேரம் அது. உலகத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காத வயதுதான், பதிமூன்று. ஆனால் அப்பாவின் அந்தக் குரலுக்கு மட்டும் அவள் உடம்பு பிறந்ததிலிருந்து பழகியிருந்தது. பாதி எம்பிய நிலையில் நிற்கப் பார்த்தாள். எப்படி நிற்பது? இடுப்பு அடிபடத் தொப்பென்று விழுந்து, வழுக்கிக்கொண்டே வந்து, அப்பா நின்ற கதவுக்குக் கீழே தடுப்புப் பலகையில் மோதித்தான் நின்றாள்.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறவர். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறார். அவரிடம் படித்தவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் மாஸ்டர். பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டில் மனைவி கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கினால் அழுத்தும். பனித்தளத்தில் அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு ஒரு பாத அளவுக்குத் தேய்ந்து போயிருக்கிறது. அங்கே எவ்வளவு அழுத்தினாலும் எதுவும் நிற்காது என்பது அவருக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை.

அந்தச் சறுக்கு மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த இடம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. பெற்றோர் எல்லாரும் பலகைமேல் தொங்கிக்கொண்டு "முட்டியை மடக்கு", "கையைத் தூக்கு" என்று ஆளுக்கொரு பாடம் நடத்துவார்கள். பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழும். இப்படியே போனால் நான் கிளம்பிவிடுவேன் என்று பயிற்சியாளர் சொன்ன பிறகுதான், மன்றத் தலைவியான பல் டாக்டர், விதிமுறைகள் எழுதித் தரும்படி இவரைக் கேட்டார். அம்மாடி, இதைவிட ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்! மூன்று வாரம் உட்கார்ந்து பதினான்கு விதிகள் எழுதினார். பனியை மழமழப்பாக்கும் வண்டி வெளியே போய்க் கதவு சாத்திய பிறகே யாரும் பனியில் இறங்க வேண்டும். யாருடைய ஆட்டத்துக்கான இசை ஒலிக்கிறதோ அவருக்கே வழி, மற்றவர்கள் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். தேர்வு நாளில் தேர்வில் ஆடாத பிள்ளைகள் வந்து, சறுக்குக் காலணியின் பிளேடு கொத்திய குழிகளை ஈரப்பனியால் அடைக்க வேண்டும். எல்லாமே நல்ல விதிகள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பதாவது விதிதான் அவருடைய செல்லப்பிள்ளை. பயிற்சி நேரத்தில் பெற்றோர் எக்காரணம் கொண்டும் குரலாலோ சைகையாலோ பிள்ளையிடம் பேசக்கூடாது. ஒரு பருவத்தில் மூன்று முறை மீறினால், அந்தப் பருவத்தின் தேர்வுப் பட்டியலிலிருந்து பிள்ளையின் பெயர் நீக்கப்படும். ஆபத்து என்றால் கூப்பிடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்களேன் என்று பல் டாக்டர் கேட்டதுதான். இவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அந்த ஒரு வரியை விட்டால் போதும், பெற்றவர்களுக்கு எல்லாமே ஆபத்தாகத்தான் தெரியும், திரும்பவும் சந்தைக்கடைதான் என்றார். அவர் சொன்னது சரிதான். விதி வந்த மாதத்திலிருந்து தளத்தில் பிளேடு சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

போன வருஷம் அந்த விதியில் மாட்டியவர் பேக்கரிக்கார அம்மா. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றுவிட்டு, கையில் மாவு காயாமல் ஓடிவருகிற பொம்பளை. தன் சின்ன மகள் நன்றாகத் தாவியதைப் பார்த்து வாய்விட்டு "ஐயோ என் தங்கமே" என்று சொல்லிவிட்டார். அது மூன்றாவது தடவை. பாராட்டுத்தானே சார், திட்டக்கூட இல்லையே என்று கெஞ்சினார். செயலாளர் தாளை விரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, நிதானமாக வாசித்துக் காட்டினார். குரலை உயர்த்தவில்லை. அந்த நிதானம்தான் அவரை அன்றைக்கு ரொம்பப் பெருமைப்பட வைத்தது.

இந்தப் பருவத்தில் அவர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு ஏறியிருந்தது. முதலாவது, மகளைப் பார்த்து முட்டியை மடக்கிக் காட்டியது. இரண்டாவது, மூச்சுப் பட்டு மங்கிய தடுப்புக் கண்ணாடியில் விரலால் 'மெதுவாக' என்று எழுதியது. அதையும் மகளுக்குப் படிக்க வாகாக, வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதியிருந்தார். கண்ணாடியில் எழுதுவது பேச்சில் சேருமா என்று அன்றைக்கு மீறல்களை நோட்டில் குறிக்கும் காவல் முறை பார்த்த பெற்றோர் குழம்பியபோது, சேரும், எழுதிக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னவரும் இவரேதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கண்ணில் பட்டது மகளின் இடது காலணியிலிருந்து வால் மாதிரி நீண்டு, பனியில் இழுபட்ட ஒரு வெள்ளை நாடா. காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டது, அதை மிதித்துத் தாவினால் கணுக்கால் போயிற்று என்று நினைத்தார். வலது கால் தரையை அழுத்தியது. வண்டி நிற்காதபோது வாய் என்ன செய்யுமோ அதைச் செய்துவிட்டது. மகள் எழுந்து வந்து கதவருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் மண்டியிட்டுக் காலணியைப் பார்த்தார். கயிறு இறுக்கமாக, இரட்டை முடிச்சாக, அப்படியே இருந்தது. முடிச்சு அவிழாமல் இருக்க அதன்மேல் சுற்றிய ஒட்டுநாடாவின் நுனிதான் பிரிந்து தொங்கியது. அப்படிச் சுற்றச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தார்.

தலைக்கு மேல் ஒரு நோட்டு தெரிந்தது. அன்றைக்குக் காவல் முறை பேக்கரிக்கார அம்மாவுக்கு. பேனாவைத் திறக்காமலே கையில் வைத்திருந்தார்.

"நான் அந்தப் பக்கமா திரும்பி உக்காந்திருந்தேன் சார்," என்றார் மெதுவாக. "யார் கத்தினாங்கன்னு எனக்குத் தெரியாது. எழுதணுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். குத்தல் இருக்கிறதா என்று அந்த முகத்தில் தேடினார். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை. தன் பிள்ளைக்கு நேர்ந்தது இன்னொரு பிள்ளைக்கு நேர வேண்டாம் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பக்கத்தில் மகள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெஞ்சு தள்ளி, போன வருஷம் பெயர் நீக்கப்பட்ட அந்தச் சின்னப் பெண் தன் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கம்மா," என்றார்.

மகளுக்கு அங்கே கொக்கு என்று பெயர். வளர்த்தி அப்படி. கூடச் சறுக்கப் பயின்றவர்கள் எல்லாம் தேர்வில் தேறி மேல்குழுவுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் இரண்டு பருவம் தோற்று, எட்டு வயதுக் குஞ்சுகளுக்கு நடுவில் நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கவிழ்த்தது எல்லாம் அந்த ஒரு தாவல்தான். மூன்று வாரத்துக்கு முன்புதான் முதல் தடவையாக விழாமல் இறங்கினாள். பிறகு பத்துக்கு எட்டு முறை இறங்கினாள். சனிக்கிழமை தேர்வு. விட்டால் அடுத்தது எட்டு மாதம் கழித்து. இன்னொரு பருவம் குஞ்சுகளோடு நிற்க மாட்டேன், இந்தத் தடவை இல்லையென்றால் காலணியைக் கழற்றிவிடுவேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அது வீம்பு இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் அவர் பல் டாக்டரின் அறைக்குப் போய், நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருந்து உள்ளே போனார். அந்த அம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் முறையீட்டைக் கேட்டார். கேட்டுவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து விதித்தாளை எடுத்து, பன்னிரண்டாவதைக் காட்டினார். பெற்றோர் கோபத்தில் எதையாவது எழுதிக்கொண்டு வருவார்கள் என்பதால், எந்த முறையீட்டையும் ஏழு நாள் ஆறப்போட்ட பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும். இதுவும் அவர் எழுதியதுதான். இதை எழுதிய அன்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. செவ்வாயிலிருந்து சனி வரை எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

"நான் கண்டுக்காம விட்டுடலாம்," என்றார் டாக்டர். "ஆனா பேக்கரி அம்மாகிட்ட நீங்க போய்ச் சொல்லுவீங்களா, போன வருஷம் அவங்க பொண்ணுக்கு மட்டும்தான் இந்த விதின்னு?"

அவர் எழுந்துகொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் பூசாரியிடம் போய் நியாயம் கேட்க முடியுமா? வீட்டுக்குப் போய்த் தேர்வுப் பட்டியலை எடுத்து, நான்காவது பெயரை அடித்து, புதிதாகத் தட்டச்சு செய்து, மறுநாள் அறிவிப்புப் பலகையில் மாட்டினார். நான்கு ஊசி குத்த வேண்டிய இடத்தில் ஏழு குத்தினார்.

வீட்டில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மனைவி ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "உங்களால எங்களுக்கு எந்த விபத்தும் நடக்காதுங்க, நாங்க நகர்ந்தாத்தானே." அதோடு சரி. கொக்கு பள்ளிக்குப் போனாள், வந்தாள், இடுப்பில் ஒத்தடம் வைத்துக்கொண்டாள். அப்பா என்று கூப்பிடவில்லை. அவர் இருக்கும் அறைக்குள் வந்தால் அவர் அங்கே இல்லாதது மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு வந்து போனாள். வியாழன் அன்று அவள் அறைக்கு வெளியே நின்று, ஒரு மன்னிப்பைப் பலவிதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பயந்துவிட்டேன் என்பதைத் தவிர வேறெதுவும் உண்மையாக இல்லை. கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டார். இத்தனை வருஷம் எத்தனையோ பேரை நடுத்தெருவில் காப்பாற்றிய மனுஷன், ஒரு கதவைத் தட்டக் கையாலாகாமல் போனார்.

சனிக்கிழமை அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் காலையில் அவளே காலணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தேர்வில் ஆடாதவர்கள் குழி அடைக்க வர வேண்டும். அதுவும் விதிதானே. அவர் வண்டியை ஓட்டினார். மகள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

தேர்வு நடத்தும் நடுவர்கள் மூன்று பேர், கம்பளிப் போர்வையைக் காலில் சுற்றிக்கொண்டு நீண்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் மூன்று பிள்ளைகள் ஆடி முடித்ததும் சின்ன இடைவேளை. கொக்கும், இரண்டு குஞ்சுகளும் ஆளுக்கொரு வாளியோடு இறங்கினார்கள். குஞ்சுகள் ஓரத்தில் நிற்க, அவள் நடுவில் மண்டியிட்டு, வாளியிலிருந்து ஈரப்பனியை அள்ளிக் குழியில் வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். எந்தக் குழியையும் விடவில்லை. அடுத்து ஆடப்போகிற பிள்ளை தடுக்கி விழக்கூடாது என்று அவ்வளவு கவனம். அவர் தன் வழக்கமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காவல் நாற்காலியில் இன்றைக்கும் பேக்கரிக்கார அம்மாதான்.

அப்போது இசை ஆரம்பித்தது.

தனிப் பியானோ. நான்கு மாதமாக வீட்டில் மகள் காலையும் மாலையும் போட்டுக் கேட்ட இசை. தேர்வுப் பட்டியலில் பெயரை அடித்தவர், இசைமேஜைக்குத் திங்கட்கிழமையே கொடுத்தனுப்பிய பட்டியலைத் திருத்த மறந்துவிட்டார். இசை போடுகிறவர் இந்தப் பருவம்தான் வந்து சேர்ந்த ஒரு தகப்பன். அவருடைய தாளில் நான்காவது எண் இவள். நடுவில் அவளைப் பார்த்தார், போட்டுவிட்டார்.

இசை யாருடையதோ வழி அவருக்கு. இரண்டு குஞ்சுகளும் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று சறுக்கிப் போய்ப் பலகையோரம் ஒட்டிக்கொண்டன. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்கள். தளம் முழுக்கக் காலியாயிற்று. நடுவர்கள் தாளைப் புரட்டிப் பார்த்து, நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் தாளைப் புரட்டினார்கள். கொக்கு ஒரு கையில் வாளியோடு எழுந்து நின்றாள். முட்டி இரண்டும் நனைந்திருந்தன. இந்த இடத்தில்தான் முதல் சுற்று, அது முடிந்தால் பின்சறுக்கு, அதன் பிறகு அந்தத் தாவல் என்று அவருக்கு மனப்பாடம். இசை எல்லாவற்றையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

பேக்கரிக்கார அம்மா நோட்டை மூடி நாற்காலிக்கு அடியில் வைத்தார். பிறகு உடம்பை முழுசாகத் திருப்பிக்கொண்டு, எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான்கு நாளில் முதல் தடவையாகக் கொக்கு திரும்பி, கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தாள். ஆடு என்று சொல்வதா, வந்துவிடு என்று சொல்வதா? வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வலது கால் மட்டும், தேய்ந்த அந்த ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டே இருந்தது.