ஒரு வருஷத்துச் சாயங்காலம்

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வேலையும் இல்லையென்றால் இந்தக் கை எங்கே போய் உட்காரும்? மடியிலா, மேஜை மேலா? மற்ற பெண்கள் எல்லாம் எங்கே வைத்துக்கொள்கிறார்கள்? கேட்டால் சிரிப்பார்கள். பணம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மகாராணி மாதிரி யோசனை.

மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக்கொண்டே அவள் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். மேஜையின் மறுபக்கம் தட்டோடு உட்கார்ந்திருந்த தம்பி, தன் செல்போனை அவள் பக்கம் தள்ளினான். திரையில் ஒரு வெள்ளை டெம்போ.

"பாருக்கா. ஒரே ஆள் ஓட்டின வண்டி. பாதி நீ போடு, பாதி நான் போடறேன். மாசாமாசம் உன் பங்கு வீடு தேடி வரும்."

"போன தடவை கோழிப்பண்ணைக்கும் இதேதான் சொன்ன, மாப்ள" என்றார் அவள் கணவர். "பங்கை விடு, ஒரு கோழிகூட வரல."

மகள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அவள் பல் செட்டு செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். பகலில் அங்கே. சாயங்காலம் லேப் முதலாளி வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். பெட்டிக்குள் யார் யாருடைய வாயின் அச்சுகளோ இருக்கும். அவற்றுக்கு மெழுகில் பல் பதித்து மறுநாள் காலை திருப்பிக் கொடுக்க வேண்டும். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் இந்தச் சாயங்கால வேலை தொடங்கியது. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மின்சாரக் கட்டணம், காஸ், மகளின் பஸ் செலவு எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தன. சாப்பாட்டு மேஜையில் பாதி அவர்களுக்கு, பாதி பற்களுக்கு. "நம்ம வீட்டுல சாப்பிடறது மூணு பேரு, பல்லு மட்டும் ஊருக்கே இருக்கு" என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வந்த பணமோ யாரும் எதிர்பாராதது. கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியை இழுத்து மூடியபோது, பாக்கிச் சம்பளத்துக்காக யூனியன்காரர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். அவள் அதை மறந்தே போயிருந்தாள். இப்போது தீர்ப்பாகி, அவள் பங்கு வங்கிக் கணக்கில் வந்து விழுந்துவிட்டது. வீடு வாங்கும் அளவுக்குப் பணமில்லை. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லும் அளவுக்கான பணம்.

தம்பிக்கு டெம்போ. கணவருக்கு வங்கியில் வைப்பு நிதி. "தொடாம வச்சா அஞ்சு வருஷத்துல ஒரு நல்ல தொகை" என்பது அவர் கட்சி. மகள் மட்டும், "அம்மா, உனக்குன்னு ஏதாவது வாங்கிக்கோ. ஒரு வாஷிங் மெஷின் வாங்கு" என்றாள். எல்லார் துணியையும் துவைக்கும் இயந்திரம் எப்படி எனக்கென்று ஆகும் என்று அவள் கேட்கவில்லை. எந்த யோசனையிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. நல்ல யோசனைகளை மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

காரணம் இருந்தது. வெளியே சொல்லும்படியாக இல்லை.

சில மாதங்களுக்கு முன் முதலாளிக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் பெட்டி வரவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். துடைத்த அலமாரியையே திரும்பத் துடைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனாள். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. நடத்துநர் கத்தினார்: "ஏறுறீங்களா, இல்ல வழியனுப்ப வந்தீங்களா?" திரும்பி நடந்து வந்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தன் வீட்டிலேயே யாரோ விருந்தாளி நுழைந்துவிட்டதுபோல, அந்த விருந்தாளி தானே என்பதுபோல, ஒரு தவிப்பு. ஆனாலும் மறுபடி ஒரு தடவை அப்படி வேண்டும் என்று அன்றிலிருந்து உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அந்த விருந்தாளி யார், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு சாயங்காலத்தில் எப்படித் தெரியும்?

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த அன்றே மனம் தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. அந்தப் பணம் ஏறக்குறைய ஒரு வருஷத்துச் சாயங்கால வேலையின் கூலிக்குச் சமம். செலவானால் செலவானதுதான். டெம்போ என்றால் வாசலில் நிற்கும். வாஷிங் மெஷின் என்றால் சத்தமாவது போடும். "அந்தப் பணத்தை என்ன பண்ணே?" என்று நாளைக்கு யாராவது கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்?

"என்னக்கா, பதிலே காணோம்?" என்றான் தம்பி. அவள் கத்தியை மறுபடி சூடாக்கி, அடுத்த பல்லை மெழுகில் அழுத்தினாள்.

வாயில் வைத்து அளவு பார்க்க மெழுகோடு போயிருந்த அந்தப் பல் செட்டு, இரண்டு நாள் கழித்து மருத்துவரிடமிருந்து திரும்பி வந்தது. முதலாளி அதை அவள் முன்னால் வைத்தார்.

"முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விடச் சொன்னேனேம்மா. அந்தப் பெரியவருக்குச் சின்ன வயசுலேர்ந்து இடைவெளி உண்டாம். நீ நெருக்கி அடைச்சுட்ட. போட்டுப் பாத்துட்டு, இது என் வாயே இல்லைன்னு கழட்டிக் கொடுத்துட்டாராம்."

இத்தனை வருஷத்தில் அவளுக்கு வந்த முதல் புகார். அச்சு வார்க்கப் பிளாஸ்டர் மாவு குழைக்கும் அக்கா, முழங்கைவரை வெள்ளையாக, எட்டிப் பார்த்தாள்.

"அவ தம்பி டெம்போவை உள்ள கொண்டுவந்து நிறுத்திட்டான் சார். அதான் சந்து அடைஞ்சுபோச்சு."

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. மெழுகை இளக்கி இரண்டு முன்பற்களையும் விலக்கினாள். விலக்கினால் பக்கத்துப் பற்கள் இடிபட்டன. அவற்றை ராவ வேண்டியிருந்தது. ராவினால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தும் கடி மாறியது. கடைசிப் பல்வரை எல்லாவற்றையும் அசைத்துத்தான் நடுவில் ஒரு நூலிழை இடம் கிடைத்தது. மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"எதுக்குடி இப்படி முகத்தைத் தூக்கி வச்சிருக்க?" மாவு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பணம் இல்லாதவ கவலைப்பட்டா சரி. உனக்கென்ன? என்னதான் பண்ணப் போற அதை?"

"சாயங்காலம் சும்மா இருக்கலாம்னு பாக்கறேன்க்கா." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

"சும்மா இருக்கறதுக்கு எதுக்குடி காசு? அது ஓசிதானே!"

"எனக்கு ஓசியில கிடைக்கலையேக்கா."

ஏதோ கேலி வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். அக்கா தன் விரலில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் தம்பி மறுபடி வந்தான். வண்டிக்காரன் நாளைக்குள் முன்பணம் கேட்கிறானாம். கணவர் வங்கியில் விசாரித்து வந்திருந்தார். இருவரும் மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து வாதாடினார்கள். அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் பேச்சில் அந்தப் பணம் எப்போதோ அவள் கையைவிட்டுப் போயிருந்தது. யார் பக்கம் விழும் என்பதுதான் பாக்கி.

"மாமா, பணத்தைப் பூட்டி வச்சா அது குட்டியா போடும்?"

"உன்கிட்ட குடுத்தா மட்டும் போடுமா? இருக்கறதும் ஓடிப்போகும்."

வாசலில் ஸ்கூட்டர் ஹார்ன் கேட்டது. பழக்க தோஷத்தில் கணவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். முதலாளி பெட்டியோடு நின்றார். இன்று ஒன்றல்ல, இரண்டு.

"இந்த வாரம் கொஞ்சம் கூடுதலா வந்துடுச்சும்மா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

கணவர் வாங்கக் கை நீட்டினார். அவள் வேகமாக வந்து அவருக்கு முன்னால் நின்றாள். இதற்கு ஏன் இப்படி ஓடி வர வேண்டும், யாரையும் கொலை செய்யப் போகிறோமா என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"பகல்ல வழக்கம்போல வரேன் சார். சாயங்கால வேலை இனிமே எடுத்துக்கல."

தம்பி வாசலுக்கே வந்துவிட்டான். "என்னக்கா இது? அப்ப வீட்டுச் செலவுக்கு?"

"அதுக்குத்தான் அந்தப் பணம்."

"அது தீர்ந்துபோச்சுன்னா?" என்றார் கணவர். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல் இருந்தது.

"தெரியலைங்க."

முதலாளி அவளை உற்றுப் பார்த்தார். அவளுக்காகவே ஒரு காரணம் தேடிக் கொடுத்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா? அப்படின்னா ரெண்டு நாள் ஓய்வெடு."

பிடித்துக்கொள்ள வசதியான காரணம். தலையை ஆட்டினால் போதும், யாருக்கும் வருத்தமில்லை. ரெண்டு நாள் கழித்துப் பெட்டி வரும்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு சார்."

"சரி, இந்த ஒரு வாரம் மட்டும் முடிச்சுக் குடுத்துடேன். நான் வேற ஆள் பாத்துக்கறேன்." பெட்டிகளை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"வேணாம் சார்" என்றாள் அவள், பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்.