ஒரு சாண் உயரம்

நகரத்தில் புதிதாக ஓடப்போகும் டிராமுக்குப் பதினெட்டு நிலையங்களை வரைந்த குழுவில் அவளும் ஒருத்தி. கூரை, தூண், கண்ணாடித் தடுப்பு என்று மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள, யாரும் சீண்டாத நடைமேடைத் தரை அவள் தலையில் விழுந்தது. அவள் அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டாள். அவளுடைய அக்கா பத்து வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். தெருவிலிருந்து அலுங்காமல் ஏறும் சரிவு, மேடையும் வண்டியின் தரையும் ஒரே மட்டம் என்று, அக்காவை மனதில் வைத்தே ஒவ்வொரு கோட்டையும் இழுத்தாள்.

நிலையங்கள் பாதி எழும்பிய பிறகு, மேலிடத்தில் வேறு வண்டி வாங்க முடிவானது. தரை ஒரு சாண் உயரமான வண்டி. அவள் குழுத் தலைவரிடம் ஓடினாள்.

“சார், மேடையை உயர்த்தணும். இல்லன்னா நாற்காலி ஏறாது.”

“காங்கிரீட் போட்டாச்சும்மா. ஒரு சாணுக்காக யாரு இடிச்சுக் கட்டுவா?”

மேலிடத்துக்கு நாலு கடிதம் எழுதினாள். கிணற்றில் போட்ட கல்தான்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. வண்டி வாசலில் சாய்த்துப் போட ஒரு பலகையாவது வைத்திருப்பார்கள் என்று நப்பாசை. டிராம் ஓடத் தொடங்கிய முதல் நாளன்று அக்கா விடிந்ததுமே கிளம்பி உட்கார்ந்துவிட்டாள்.

“நீ கட்டின ஸ்டேஷன்ல நான் ஏறாம வேற எவ ஏறுவா?”

சரிவில் அக்காவே சக்கரத்தை உருட்டி ஏறினாள். “அடியே, வழுக்கிட்டுப் போகுதுடி!” என்று சிரித்தாள். வண்டி வந்தது. கதவு திறந்தது. பலகை இல்லை. அக்கா அந்த விளிம்பைப் பார்த்தாள், பிறகு தங்கையை.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

தூக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள். “ஏத்திருவீங்க. இறங்கறப்போ உங்களை எங்க போய்த் தேடுறது?” என்றாள் அக்கா. மணியடித்து வண்டி போயிற்று. அடுத்ததையும் பார்த்தாள், அதற்கடுத்ததையும். பிறகு தானே நாற்காலியைத் திருப்பினாள்.

அடுத்த வாரம் கடிதங்களுக்குப் பதில் வந்தது. இந்த வண்டிகளின் ஆயுள் முடிந்ததும் பரிசீலிப்பார்களாம். ஆயுள் முப்பது வருடம். அக்காவுக்கு இப்போதே ஐம்பத்தொன்று. வெளியே போகலாமா என்று அக்கா அதன்பிறகு கேட்கவேயில்லை.

இரண்டாம் தடத்துக்கு வேலை தொடங்கியது. எல்லா நிலையமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதனால் பழைய உயரமே போதும் என்றார் தலைவர். அவள் நடைமேடையை அதே உயரத்தில் வரைந்து கொடுத்தாள்.