பில்டரில் நான்கு விரல்கள்

“போன சனிக்கிழமை நீ கழுவி மாட்டுன பில்டர்தான் இது. நாலு நாள்கூட ஆகல. நீயே பாரு, அருண்ராஜ்” என்றாள் ஹரிணி.

ஹாலில் விரித்த செய்தித்தாள் மேல் ஏசியின் பில்டர் கிடந்தது. அதில் பழுப்பும் கறுப்புமாகத் தூசி. நெய்வேலியில் அது அதிசயமில்லை. மே மாதத்தில் சுரங்கப் பக்கமிருந்து காற்றடித்தால், கொடியில் காயும் வேட்டி ஒரு மணி நேரத்தில் நிறம் மாறிவிடும். ஏசி மெக்கானிக் அருண்ராஜைக் குனிய வைத்தது வேறொன்று. தூசியின் நடுவே ஒரு கை பதிந்திருந்தது. அந்த இடத்தில் வலை வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது, ஏசிக்கு உள்ளேயிருந்து யாரோ தள்ளியது போல.

“கழட்டும்போது உங்க கை பட்டிருக்கும்க்கா.”

“என் கையில அஞ்சு விரல் இருக்கு.”

அருண்ராஜ் மறுபடி பார்த்தான். கட்டைவிரல், மூன்று விரல்கள். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் தூசி கலையாமல் இருந்தது.

ஹரிணி படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். “இந்த குவார்ட்டர்ஸ்ல எங்களுக்கு முன்னாடி கொளஞ்சிநாதன்னு ஒருத்தர் இருந்தாராம். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்குனவரு, அந்த ரூம்லயே போயிட்டாராம். ஹார்ட்டுன்னு சொன்னாங்களாம். சைக்கிள் செயின்ல சிக்கி அவருக்கு சுண்டுவிரல் கிடையாதாம். பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி அக்கா சொன்னாங்க.”

“அவங்க எதைத்தான் சொல்லல? போன மாசம் தண்ணி டேங்க்ல பாம்புன்னாங்க. பார்த்தா ஓஸ் பைப்பு.”

ஹரிணி சிரிக்கவில்லை. “எங்க வீட்டுக்காரரும் பத்து நாளா சொல்றாரு. தூங்கும்போது கால்மாட்டுல பனியன் போட்ட ஒரு ஆள் நிக்கிறாராம். ‘எழுந்திரு, எழுந்திரு’ங்கறாராம். எழுந்தா தலைவலி, வாந்தி. இன்னைக்குக் கோவம் வந்துடுச்சு. ‘எவன் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்’னு காதுல பஞ்சு வச்சுக்கிட்டு, உள்ள தாழ்ப்பாள் போட்டுப் படுத்துட்டாரு. பில்டர் இல்லாமலேயே ஏசி ஓடுது.”

அவள் கணவன் மதிவாணன் சுரங்கத்தில் ஆபரேட்டர். இந்த வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட். வெயில் நாற்பத்திரண்டைத் தொடும் ஊரில் பகலில் தூங்க வேண்டுமானால் ஏசி ஓடியே ஆக வேண்டும்.

“சரி, சார் தூங்கட்டும். நான் பின்னாடி அவுட்டோரைப் பார்த்துக்கினு வரேன்.”

வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. தன் பழைய ஏசியின் வெளி யூனிட்டில் வெயில் படக்கூடாது என்று கொளஞ்சிநாதன் போட்டது. இரண்டு பக்கமும் மேலேயும் தகரம், முன்னால் தகரக் கதவு. ‘யூனிட்டுக்கு நிழல் வேணும், ஆனா காத்தை அடைக்காதீங்க’ என்று அருண்ராஜ் எல்லா வீட்டிலும் சொல்வான். இங்கேயும் சொல்லியிருந்தான். சொன்னதோடு சரி.

கதவைத் திறந்தான். முகத்தில் அனல் அறைந்தது. மூச்சில் ஏறிய வாசனை, மழையில் நனைந்த அடுப்புக் கரி வாசனை.

மூலையில் நான்கு சாக்கு மூட்டைகள். குளிக்க வெந்நீர் போட கொளஞ்சிநாதன் சேர்த்துவைத்த பழுப்பு நிலக்கரி. ஏசியின் தண்ணீர்க் குழாய் சொட்டுச் சொட்டாக மூட்டை மேல் வடிந்துகொண்டிருந்தது. யூனிட்டின் வெப்பம் அதே மூட்டையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. நனைந்து நனைந்து காயும் கரி தானாகவே கனன்றுவிடும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வீட்டில் கிடக்கும் நாலு மூட்டையை யார் நினைக்கிறார்கள்?

சாக்கைக் காலால் விலக்கினான். புகையே இல்லை. உள்ளே சிவப்பாக ஒரு கண்.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். குழாய்கள் படுக்கையறைக்குள் போகும் ஓட்டை. குழாயைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி. போன மாதம் புது ஏசி மாட்டிய அன்று ஓட்டை அடைக்கும் புட்டிப் பசை தீர்ந்துவிட்டது. ‘நாளைக்கு வந்து அடைக்கிறேன்க்கா’ என்றவன் அவன்தான். மூடிய கொட்டகைக்குள் யூனிட் தள்ளும் காற்றுக்கு அந்த ஓட்டைதான் வழி; கனலும் கரியின் விஷக்காற்றுக்கும்.

அவன் ஊர் முத்தாண்டிக்குப்பத்தில், போன மழைக்காலத்தில் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்த இரண்டு பேர் எழுந்திருக்கவேயில்லை.

“அக்கா! சாரை எழுப்புங்க!” ஓடினான்.

இருவரும் கதவை அறைந்தார்கள். “என்னங்க! என்னங்க!” உள்ளே ஏசியின் முனகல் மட்டும். அருண்ராஜ் தோளால் இடித்தான். பழைய தேக்குக் கதவு, அசையவில்லை. கருவிப் பையிலிருந்து சுத்தியலை எடுத்து ஓங்கினான்.

உள்ளே ‘டக்’ என்றது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு மெல்ல ஒரு முழம் திறந்தது.

“எழுந்துட்டாரு!” என்று ஹரிணி உள்ளே பாய்ந்தாள்.

மதிவாணன் கட்டிலில் கிடந்தான். காதில் பஞ்சு. முகம் செக்கச் சிவந்திருந்தது. கை கட்டிலுக்கு வெளியே துவண்டு தொங்கியது. கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே எட்டடி. அறையில் வேறு யாருமில்லை.

யோசிக்க நேரமில்லை. இருவருமாக வாசலுக்கு இழுத்து வந்து போட்டார்கள். சுப்புலட்சுமி வீட்டுக் காரில் ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து மதிவாணன் கண் திறந்து, “அந்த ஆள் எங்க?” என்று கேட்டான்.

ஹரிணி வராந்தாவுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். அருண்ராஜ் எழுந்து நின்றான்.

“அக்கா, அந்த ஓட்டையை அடைக்காம வுட்டது நான்தான். என் தப்பு. போலீஸ்ல சொல்றதுன்னாலும் சொல்லுங்க.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அது இருக்கட்டும். அந்தத் தாழ்ப்பாள்... நீ இடிச்சதுலதானே விலகுச்சு?”

“ஆமாங்க்கா” என்றான் உடனே. “நான் இடிச்சதுலதான்.”

சாயங்காலம் சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போனான். கரியை அள்ளி, தண்ணீர் ஊற்றி அணைத்துக் கொட்டினான். கொட்டகைத் தகரத்தைப் பிரித்துப் போட்டான். ஓட்டையில் புட்டியை அழுத்தி அழுத்தி அடைத்தான்.

கடைசியாகப் படுக்கையறைக்குள் வந்து, கதவின் உள்பக்கம் பார்த்தான். தாழ்ப்பாள் வளையவில்லை. ஒரு திருகுகூட ஆடவில்லை. அதன் பித்தளைப் பிடியைச் சுற்றிக் கரித்தூசியில் நான்கு விரல்கள்.

ஹரிணி பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும் என்றுதான் துணியை எடுத்தான். துடைக்கும் முன், ஏனோ, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தான்.