தினேஷ் மாட்டிய குழாய்

கரையான்சாவடியில் தினேஷ் வைத்திருந்த கார் பட்டறையில் சைலன்சர் வேலை அவனுடையது. கம்ப்யூட்டரை வைத்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அளவைத் திருத்துவது நாகப்பனுடையது. நாகப்பனின் தங்கை பத்மாவைத்தான் தினேஷ் கட்டியிருந்தான்.

வாடிக்கையாளர் குணசேகரனின் கார், கம்ப்யூட்டரே பெட்ரோல் ஊற்றும் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் புதிதாக வந்த காலத்தது. அவர் அதைத் தேடி வாங்கிக் கண்ணைப் போல வைத்திருந்தார். கொஞ்சம் உறுமினால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்பட்டார். தினேஷ் பழைய குழாயை அறுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றை மாட்டினான்.

"மாப்ளே, வண்டிய இப்போ குடுக்காத," என்றான் நாகப்பன். "புகை சுளுவா வெளிய போவுது, காத்து ஜாஸ்தி உள்ள வருது. கம்ப்யூட்டரு பழைய கணக்குலயே கம்மியா பெட்ரோல் ஊத்திகினு கீது. வெரட்டி ஓட்டுனா சூட்டுல பிஸ்டன் ஓட்டையாயிடும்."

"நீ பாத்தப்புறமே குடுக்கலாம் மச்சான்."

மறுநாள் நாகப்பன் பத்மாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தான். இரண்டு முறை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய கரு. அந்த நேரம் பார்த்து குணசேகரன் வந்து அவசரப்படுத்த, "எல்லாம் பாத்தாச்சு சார்," என்று தினேஷ் சாவியைக் கொடுத்துவிட்டான்.

பைபாஸில் வண்டி புகை கக்கி நின்றது. கட்டி இழுத்து வந்து பிரித்தார்கள். ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு குணசேகரன் கேட்டார், "யாருப்பா ட்யூன் பண்ணது?"

"மச்சான்தான் சார்," என்றான் தினேஷ்.

நாகப்பன் வாயைத் திறந்தான். டாக்டர் பத்மாவுக்கு எந்தக் கவலையும் கூடாது என்று சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. "தப்பாயிடுச்சு சார்," என்றான்.

அன்று மாலை தினேஷ் தனியாக வந்து ஒரு வார்த்தை பேசுவான் என்று நாகப்பன் காத்திருந்தான். அவன் வரவில்லை. அதற்கப்புறம் வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் மச்சான் கெடுத்த வண்டியின் கதையைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனே அதை நம்பிவிட்டான்.

மாங்காட்டில் பத்மாவின் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் நடுவில் பத்மா சொன்னாள்: "அண்ணா, வேற யாராச்சும்னா உன்ன எப்பவோ அனுப்பியிருப்பாங்க. இவரு வெச்சிகினு கீறாரு. அந்த நன்றியாவது உனக்கு வேணாமா?"

தினேஷ் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "வுடு பத்மா, பாவம்," என்றான். அவன் முகத்தில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

நாகப்பன் குழந்தையின் கையில் காப்பைப் போட்டான். அடுத்த வாரம் அம்பத்தூரில் ஒரு பைக் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் பொறுப்பில்லாமல் ஓடிவிட்டதாக வீட்டில் பேசிக்கொண்டார்கள்.