எடுத்துக்காட்டு கிடைக்காத சொல்

அகராதி அலுவலகத்தில் அவருக்குச் 'சுத்தம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு நிமிடம் தாமதமாக வந்தவரைக்கூட மேலிடத்துக்கு எழுதிப் போடுகிற மகா புண்ணியவான்! அங்கேயே வேலை பார்த்த தங்கை புருஷனையும் விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவியைப் பார்க்க அந்த மனுஷன் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டு, பதிவேட்டில் ஐந்து என்று எழுதினார். சுத்தம் புகார் எழுதினார். வேலை போயிற்று. அன்றிலிருந்து தங்கை அண்ணனிடம் பேசவில்லை. அவள் வாயால் ஒரே ஒருமுறை 'அண்ணே' என்று கேட்க அவர் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அன்று மேசையில் ஓர் அட்டைதான் பாக்கி. 'சாங்டிமோனியஸ்' என்ற ஆங்கிலச் சொல். பொருளை எழுதிவிட்டார்: தான் மட்டுமே யோக்கியன் என்ற நினைப்பில் ஊரையே குறை சொல்லித் திரிகிற. எடுத்துக்காட்டில்தான் இடித்தது. அந்த அலுவலகத்தில் கற்பனை வாக்கியம் கூடாது. அந்தக் குணமுள்ள ஒருவர் நிஜமாகவே சொன்னதாக இருக்க வேண்டும். யார், எப்போது சொன்னார் என்றும் எழுத வேண்டும். மேலாளரை நினைத்தார், பக்கத்து வீட்டுக்காரரை நினைத்தார், சொந்தத்தில் பாதிப் பேரை நினைத்தார். ஒருத்தரும் பொருந்தவில்லையாம்!

மூன்றரைக்குப் போன் அடித்தது. தங்கை புருஷன்.

"மச்சான், அவ உங்களைக் கேக்குறா. உடனே வாங்க. இனி தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

எழுந்தேவிட்டார். எதிரே சுவர்க்கடிகாரம், சுற்றிலும் அவர் புகார் எழுதிய முகங்கள். இன்றைக்கு அவரே பாதியில் எழுந்து போனால் சிரிக்க மாட்டார்களா? பாழாய்ப்போன வீம்பு நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நான் மத்தவங்க மாதிரி இல்ல மாப்பிள்ளை. அஞ்சு அடிச்சாத்தான் எந்திரிப்பேன்."

ஐந்து அடித்ததும் ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்து ஓடினார். நாலே முக்காலுக்கே எல்லாம் முடிந்திருந்தது. முகத்தை மூடியிருந்தார்கள்.

"வாசலையே பாத்துக்கிட்டிருந்தா" என்றார் தங்கை புருஷன். கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்: "கையெழுத்துப் போட்டுட்டுத்தானே வந்தீங்க?"

"போட்டேன்" என்றார் சுத்தம்.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். அட்டை அதே இடத்தில் கிடந்தது. எடுத்துக்காட்டு: 'நான் மத்தவங்க மாதிரி இல்ல. அஞ்சு அடிச்சாத்தான் எந்திரிப்பேன்.' சொன்னவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார். எப்போது என்ற இடத்தில், பிற்பகல் மூன்று முப்பத்திரண்டு என்று எழுதினார்.

அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள்.